நோய் என்று சொன்ன வெள்ளை முட்டை

என் பிரியமுள்ள அண்ணா,

பிரியமுள்ள என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்து எழுத மனமில்லை, இருக்கட்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு மாடியில் காடைகள் சுகமாக இருக்கின்றன. தீனி, தண்ணீர் எல்லாம் நான்தான். நீங்கள் இருந்தபோதும் நான்தானே?

நீங்கள் போன மறுமாதம் தீனி வாங்க அத்திபெலே போனேன். உங்கள் சிநேகிதர் பண்ணையில் தட்டுத் தட்டாக வெள்ளை முட்டை. அத்தனையும் காடை முட்டை! காடை முட்டை என்றால் பழுப்புப் புள்ளியும் திட்டுமாகத்தானே இருக்கும்? நான் அறிய வெள்ளையாக இட்டவள் ஒருத்திதான். என் கூண்டில் இருந்தவள்.

அவள் முட்டையைக் காட்ட நான் ஓடிவந்தது நினைவிருக்கிறதா? "சீக்கு வந்த பொட்டைடி. ஓட்டுல நிறம் ஏறல. வெச்சிருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லி, சில நாளில் தூக்கிக்கொண்டு போனீர்கள். ஞாயிறு பூசை முடிந்து மிளகு போட்டு வறுத்து எனக்கும் ஒரு துண்டு வைத்தீர்கள். "சீக்குன்னா திங்கலாமாண்ணா?" என்று கேட்டதற்கு, "வெந்தா ஒண்ணும் ஆகாது, தின்னு" என்றீர்கள். அழுதுகொண்டே தின்றேன்.

அதற்குள் அவள் முட்டைகள் சிலவற்றை நான் இன்குபேட்டரில் வைத்திருந்தேன். பிறந்த பெண் காடைகள் எல்லாம் புள்ளி முட்டையே இட்டன. "பாத்தியா? பரம்பரையா இருந்தா மகளுங்களுக்கும் வரணும்ல?" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அவள் மகன்களில் ஒன்றைக் கேட்டீர்கள், கொடுத்தேன்.

உங்கள் சிநேகிதர் ஒளிக்காமல் பேசினார், பாவம். "அந்த வெள்ளை ஒளிஞ்சிருக்குமாம் அக்கா. தாய் பக்கம், அப்பன் பக்கம் ரெண்டுலயும் வந்தாத்தான் வெளிய தெரியுமாம். மகளுங்க புள்ளியாத்தான் வெப்பாங்களாம். அண்ணன்தான் அந்தப் பொட்டையக் கொண்டாந்து விட்டாரு. அப்புறம் அதோட மகனையே ஜோடி சேத்தாரு. பொறந்த பொட்டைங்கள்ல பாதி வெள்ளையா வெச்சிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னாரு."

ஆக, மகள்கள் புள்ளி முட்டைதான் இடும் என்று தெரிந்தே அதை எனக்குச் சாட்சியாகக் காட்டினீர்கள். காடையை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் கண் பார்த்ததை நானே நம்பாதபடி செய்துவிட்டீர்களே அண்ணா! கேட்டிருந்தால் கூண்டோடு கொடுத்திருக்க மாட்டேனா? அன்றைக்கு நாம் தின்றதுதான் எந்தக் காடையை?

வீட்டில் மிஞ்சியிருந்த அவள் மகனையும் மகளையும் தனிக் கூண்டில் சேர்த்தேன். இரண்டு பேருக்குள்ளும் அந்த வெள்ளை ஒளிந்திருக்கும் அல்லவா? நாலு பெண்ணுக்கு ஒன்று தேறலாம் என்று கணக்குப் போட்டேன். குஞ்சுகள் வளர்ந்து ஒவ்வொன்றாக முட்டையிட ஆரம்பித்தன. எல்லாம் புள்ளி. நேற்றுக் காலை ஒருத்தி வெள்ளையாக இட்டிருந்தாள்.

கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணா, இங்க வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேவிட்டேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன், உங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். அது உண்மையாகிற அன்று நானே வந்து சொல்கிறேன். அதுவரை உங்களிடம் ஒரு பொய்யும் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த
ரீட்டா