தொட்டிக்குள் விழுந்த இடி

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து வெயில். கடைக்கு லீவு. முழு நாளும் மேகம் செய்தேன்.

தலையணைப் பஞ்சு, சூடான பசை, உள்ளே எல்இடி பட்டை. பார்த்தால் மேகம் இல்லை, நனைந்த ஆட்டுத் தாடி. ரெண்டு விரலில் கொப்புளம். பசை முடியிலும். ச்சீ.

ஆனால் மின்னல் அழகு. மூன்று குட்டி வெட்டு, ஒரு நீள வெட்டு, கொஞ்சம் நடுக்கம். ஒவ்வொரு தடவையும் மாறி வருகிற மாதிரி கம்ப்யூட்டர் கோட் எழுதினேன். பிறகு ரெண்டு வினாடி அமைதி. அதற்குப் பிறகுதான் இடி. நெட்டில் யார் செய்ததைப் பார்த்தாலும் மின்னலும் இடியும் ஒன்றாக வருகிறது. இவர்கள் யாரும் ஜன்னல் வைத்த வீட்டில் வளரவில்லையா.

சாதா ஸ்பீக்கரில் இடி, தகர டப்பாவில் கல் உருட்டின மாதிரி. அதனால் வைப்ரேஷன் ஸ்பீக்கர். பிஸ்கட் அளவு, கூம்பு கிடையாது. எதன் மேல் ஒட்டுகிறோமோ அதுவே ஸ்பீக்கர் ஆகிவிடும். மேசையில் ஒட்டினேன்: சுமார். கதவில்: சுமார். கடைசியாக அண்ணனின் மீன் தொட்டிக் கண்ணாடியில்.

நெஞ்செலும்பு வரை வந்தது. மூன்று தடவை போட்டேன். நான்காவது தடவை தனியாகக் கை தட்டினேன்.

மேகத்தைத் தொட்டிக்கு மேலேயே தொங்கவிட்டாயிற்று. அண்ணன் வேலையில். வாட்ஸப்பில் கேட்டேன். பிரேக் டைமில் பதில்: “ஒட்டிக்கோ லா. கண்ணாடி ஒடஞ்சா உன்னையும் உள்ள போட்டுருவேன்.”

நவம்பர் 6, வியாழன்

வெயில். கடையில் போன் கவர் எட்டு விற்றேன். மனசெல்லாம் வீட்டில்.

தொட்டியில் மீன் ஆறு. கோரி என்பார்கள். மீசை வைத்து, அடி மணலைக் கிண்டித் தின்கிற ஜாதி. தடியனுக்குப் பெயர் தவுக்கே. மற்ற ஐந்தும் கிண்டும், இவன் முதலாளி மாதிரி நடுவில் நிற்பான். அண்ணனுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். காலையில் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி, தாப்பாவ் பார்சல் வாங்கின மீ நூடுல்ஸோடு தொட்டி முன்னால் உட்காருவான். தவுக்கேயோடு பேசிக்கொண்டே தின்பான். பிறகுதான் தூக்கம். அம்மா அப்பா நிபோங் திபாலில். இங்கே பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் நாங்கள் ரெண்டு பேர், மீன் ஆறு.

அண்ணன் கிளம்பிய பிறகு வீடியோ எடுத்தேன். இடி விழுந்ததும் ஆறும் சிதறி ஓடின. அடியிலிருந்து மேலே, மேலிருந்து செடிக்குள். இடி என்றால் பயம் இருக்கும்தானே, இயற்கை. அதனால் வீடியோவுக்கு ஒரு உயிர் வந்துவிட்டது. பதினாலு டேக்.

யூடியூப்பில் வோல்ட் அண்ணாவின் ‘புயல் போட்டி’க்கு அனுப்பினேன். மூன்று வருஷமாக அவர் சேனலில் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் விட்டதில்லை. சால்டரிங், கோட், எல்லாம் அவரைப் பார்த்துத்தான். எந்தக் காலேஜிலும் இல்லை. ஒரு தடவை என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டார். ஸ்கிரீன்ஷாட் இன்னும் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வோல்ட் அண்ணா லைவில் என் வீடியோ. என் வீடியோ. மைலோவை மடியில் கொட்டிக்கொண்டேன்.

“பினாங்குலருந்து ரூபி, பாருங்க மக்களே. மின்னல் ஒண்ணு, இடி ஒண்ணு, கேப் விட்டு வருது, கவனிச்சீங்களா?” என்றார். கேப்பைக் கவனித்த முதல் ஆள். பிறகு, “மீனோட ஆக்டிங்க பாருங்க. ஆஸ்காரே குடுக்கலாம்.” சிரிப்பு.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஐந்துக்கு நான் நேரடியாகச் செய்து காட்ட வேண்டும். ஜெயித்தால் அவரோடு மாதம் ஒரு வீடியோ.

கமெண்ட் முந்நூறு. கேப் பற்றி ரெண்டே ரெண்டு. மற்றதெல்லாம் மீன், சிரிப்பு, மீன். எரிச்சல். ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம்.

காலையில் எழுந்தால் ஹாலெல்லாம் ஈரம். அண்ணன் தூங்காமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான்.

“சாப்புட மாட்டுதுங்க. மூணு நாளாச்சு. நான் கிட்ட போனாலே செடிக்குள்ள ஓடுது. தவுக்கே கூட.”

“தண்ணி சரியில்லையா?”

“டெஸ்ட் பண்ணேன், சரியாத்தான் இருக்கு. என் கைதான்னு நெனைக்கிறேன். ஃபேக்டரி லைன்ல கெமிக்கல் தொடுறோம்ல. க்ளவ்ஸ் போட்டாலும் எங்கயோ ஒட்டியிருக்கும்.”

கையைக் காட்டினான். தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் தோல் உரிந்திருக்கிறது. பார்க்கவே கூசியது.

சாயங்காலம் ரிகர்சல். மேகத்துக்குக் கீழே கறுப்புத் துணி கட்டினால் மின்னல் இன்னும் எடுப்பு. குறித்துக்கொள்ள: துணி, டபுள் டேப், புது கேபிள்.

நவம்பர் 13, வியாழன்

மழை. நிஜ மழை. நாலரைக்குக் கடையை முன்னதாகவே மூடிவிட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் ஷூவில் குளம். அண்ணன் அப்போதுதான் பஸ் பிடிக்க ஓடினான்.

ரெகார்டிங்குக்கு நல்ல இடி கிடைக்கும் என்று ஜன்னலைத் திறந்து போனை நீட்டிக்கொண்டு நின்றேன். ஃப்ளாட்டையே உலுக்கின மாதிரி ஒன்று. கீழே காரெல்லாம் அலறின. எனக்கே உடம்பு தூக்கிப் போட்டது. ஐயோ மீன் என்று திரும்பினேன்.

மணல் கிண்டிக்கொண்டிருந்தன. அடுத்த இடி இன்னும் பெரிசு. தவுக்கே மீசையைக்கூட அசைக்கவில்லை.

நின்று பார்த்தேன். பத்து இடியாவது இருக்கும். ஒன்றுக்கும் ஓடவில்லை.

பிறகு மெஷினைப் போட்டேன், பாதி சத்தத்தில். ஆறும் பைத்தியம் பிடித்த மாதிரி.

ஸ்பீக்கரைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கினேன். பாதிப் பசை அங்கேயே நின்றுவிட்டது. பாத்ரூமில் பெரிய வாளி நிறையத் தண்ணீர். ஸ்பீக்கரை வெளிப்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டு தலையை முழுக்க உள்ளே விட்டேன்.

வெளியே இருந்து கேட்டால் இடி. உள்ளே அது இடியே இல்லை. திசை கிடையாது. மண்டைக்குள்ளிருந்து யாரோ கதவை உடைக்கிற மாதிரி. பல் கூசியது. ஒரு தடவைதான் தாங்கினேன், தலையை வெளியே எடுத்துவிட்டேன். மீன்களுக்குத் தலையை எடுக்க வெளி கிடையாது.

வானத்து இடி காற்றிலேயே நின்றுவிடுகிறது, தண்ணீருக்குள் அவ்வளவாகப் போவதில்லை. நான்தான் கண்ணாடியில் ஒட்டி நேராக உள்ளே அனுப்பியிருக்கிறேன். ஒன்பது நாள். பதினாலு டேக் எடுத்த நாளும் சேர்த்து. எவ்வளவு அழகான பேஸ் சத்தம் என்று கை வேறு தட்டியிருக்கிறேன்.

சாப்பிடவில்லை. என்னைப் பார்த்தாலே எனக்கு உமட்டல்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். அண்ணன் வருவதற்காகக் காத்திருந்தேன். மீ பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை, அவனே ஆரம்பித்தான்.

“ஜுருல இருக்கானே என் ஃப்ரெண்டு குமாரு, அவன் மீன கேக்குறான். சனிக்கெழம குடுத்துரலாம்னு பாக்குறேன். என்கிட்ட இருந்தா செத்துரும்.”

சொன்னேன். வாளி, வானத்து இடி, எல்லாம். நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று ஒரே மூச்சில்.

அடிப்பான் என்று நினைத்தேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்போ என் கை இல்லையா?”

“இல்லண்ணே.”

“தண்ணியும் நல்லாத்தான் இருந்துச்சா?”

“ம்.”

“அடிப்பாவி. நாலு நாளு தூங்கல டி நான்.” சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். பொட்டலத்தைப் பிரித்தான். “சரி, ஞாயித்துக்கெழம லைவ்வு?”

“கண்ணாடில ஒட்ட மாட்டேன்.”

“ஒரு தடவதானே. முடிச்சிட்டு கழட்டிரு லா.”

இவன் தோல் உரியக் கழுவின ஆள். ஒரு தடவதானே என்கிறான். என் நல்லதுக்குத்தான் சொல்கிறான், அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஒட்ட மாட்டேன்.

நவம்பர் 15, சனி

மீன் குமாருக்குப் போகவில்லை. ரெண்டு மட்டும் தீனிக்கு வந்தன. தவுக்கே வரவில்லை.

பெரிய பிஸ்கட் டின்னில் ஸ்பீக்கரை ஒட்டிப் பார்த்தேன். இடி கேவலம். பாத்திரக்கடையில் பூனை. டின்னுக்குள் அரிசி, துணி, மணல், எது போட்டாலும் கேவலம். மணல்தான் இருப்பதில் பரவாயில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

லைவ். அண்ணனுக்கு ஆஃப் டே. போனைப் பிடிக்க நின்றான். தொட்டி மூடியில் வெளிச்சம் பட்டு வீடியோவில் கூசியது. மூடியையே எடுத்துவிட்டேன். என் புத்தி.

மின்னல் வெட்டியது. ரெண்டு வினாடி. இடி, டின்னிலிருந்து. மீன் அசையவில்லை.

வோல்ட் அண்ணா: “என்ன ரூபி, மீன் ஸ்ட்ரைக்கா?”

சொன்னேன். தண்ணீருக்குள் சத்தம் எப்படிப் போகிறது, ஏன் கழற்றினேன், எல்லாம் சுருக்கமாக.

“ஓகே ஓகே, மீனுக்கு மனிதாபிமானம். நல்ல மெசேஜ்.” சிரித்தார். “ஆனா மக்கள் அந்த ஓட்டத்துக்குத்தான் வந்திருக்காங்க. ஒரே ஒரு தடவ?”

சாட்டில் ஒரு தடவ ஒரு தடவ ஒரு தடவ. ஒருவன்: மீனை வறுத்துக் காட்டு. மூன்று வருஷம் இந்தக் கூட்டத்தைத்தான் என் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“முடியாதுண்ணே” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

“சரி, நெறைய பேரு வெயிட்டிங், அடுத்த ஆள பாப்போம்...”

அப்போது அண்ணன் கை. போனை அலமாரியில் சாய்த்துவிட்டு, டின்னிலிருந்து ஸ்பீக்கரைப் பிடுங்கி, உள்ளங்கையால் தொட்டியில் வைத்து அமுக்கி, இன்னொரு கையால் பட்டனைத் தட்டிவிட்டான். அவன் கையில் ஒரு அடி அடித்தேன். அதற்குள் இடி போய்விட்டது.

தவுக்கே நேராக மேலே. மூடி இல்லை. தரையில் விழுந்த சத்தம் சின்னது.

வோல்ட் அண்ணா கத்தினார்: “அதான். அதான் வேணும்.”

அண்ணன் கையைத் தொட்டியில் நனைத்து, தவுக்கேயை எடுத்து உள்ளே விட்டான். நான் லைவை வெட்டினேன்.

“ஏண்ணே?”

“உன் மூஞ்சி பாவமா இருந்துச்சு டி. வேற ஒண்ணும் தோணல.”

நவம்பர் 17, திங்கள்

மழை. தவுக்கே காலையில் பக்கவாட்டில் கிடந்தான். மத்தியானம் மூச்சு இல்லை. மற்ற ஐந்தும் தின்கின்றன, எதுவும் நடக்காத மாதிரி.

அவன் தரையில் விழுகிற கிளிப் நெட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வோல்ட் அண்ணா மெசேஜ்: பார்ட் டூ செய்வோமா, அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, செம கேரக்டர். பதில் போடவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை அழித்தேன். சேனலையும் விட்டேன்.

கண்ணாடியில் பசை இன்னும் அப்படியே வட்டமாக நிற்கிறது. நகத்தால் வரவில்லை. பழைய பஸ் கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினான். ஷிப்டுக்கு டைம் ஆகிவிட்டது, யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

“நான் அமுக்காம இருந்திருந்தா?”

“நான் ஒம்போது நாளு போட்டேண்ணே. நீ ஒரு தடவ.”

அண்ணன் சட்டைப் பையைத் துழாவினான். பிறகு அவனும் தன் வேலை கார்டை எடுத்து, ஓரமாகச் சுரண்ட ஆரம்பித்தான். அந்த ஓரத்தில் பசையே இல்லை.