சனிக்கிழமைக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்

அம்பத்தூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜோயாவுக்கு உன் அத்தாவின் ஸலாம். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், கத்தரி வெயில் எங்களைவிடச் சுகம். கோழிக்கோட்டில் விடாத மழை என்றாய், ஹாஸ்டல் கொடியில் காயாத துணியை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. போனில் நான் வாய் திறந்ததுமே சரி அத்தா, சரி அத்தா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதையும் பாதியில் மடித்துவைக்காதே. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அதற்குள் கிழவன் மாதிரி புத்தி சொல்ல வைக்கிறாய்.

முதலில் சனிக்கிழமை நடந்ததைக் கேள். உங்கள் ஊர் வானம் மூடிக்கொண்டது என்று, சப்தரிஷி மண்டலத்து வால் பக்கத்துக் கேலக்ஸியில் வெடித்த நட்சத்திரத்தை, உன் பிராஜெக்ட் சூப்பர்நோவாவை, நம் மொட்டை மாடியிலிருந்து பத்து ராத்திரி விடாமல் படமெடுத்து, வெளிச்சத்தை அளந்து அனுப்பச் சொன்னாய். ஆறு ராத்திரி ஒழுங்காக அனுப்பினேன். ஏழாவது நாள், சனிக்கிழமை, ஏழரைக்கு மாடி ஏறும்போதே முந்தின ராத்திரிப் படத்தை நம்பி உனக்கு ஒரு மெசேஜ் தட்டினேன், அவசரத்தில் அது குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. 'மாடியில் இருக்கிறேன். வெடித்தது இன்னும் நன்றாக எரிகிறது. போன் பண்ணாதே.' இவ்வளவுதான் எழுதினேன். திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று போனையும் அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஏகாம்பரத்திடம் மாடி விளக்கை நிறுத்தச் சொன்னால், நட்சத்திரம் பாக்க ராத்திரி வரைக்கும் இன்னாத்துக்கு சார் காத்துகினு கீற, மத்தியானம் தெருவுல வந்து நில்லு, அக்னி நட்சத்திரமே கீது என்கிறார். அவர் சிரித்து முடித்து விளக்கை அணைக்க எட்டேகால். நான் குறி பார்த்து, ஃபோகஸ் சரிசெய்து முதல் படத்துக்கு ஷட்டரைத் திறந்தபோது எட்டரை.

அதே நேரம் திருநின்றவூரிலிருந்து உன் ராஷித் மாமு பைக்கில் பறந்து வந்து, கையில் ஈரச் சாக்கோடு மாடிப்படி ஏறுகிறான். பின்னால் உன் மாமி, கையில் தீக்காயக் களிம்பு. மச்சான் உயிரோட கீறியா, எங்க வெடிச்சுது, சிலிண்டரா கம்ப்ரஸரா என்று கேட்டபடியே என்மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தான். நான் கேமரா ஸ்டாண்டு மேல் விழுந்தேன், ஸ்டாண்டு சுவர் மேல் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை, வெடித்த இடம் ரெண்டு கோடியே பத்து லட்சம் ஒளி ஆண்டு தள்ளி இருக்கிறது, அத்தனை வருஷத்துக்கு முன்னால் வெடித்ததன் வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்றேன். அவன் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, அப்ப வெடிச்சதுக்கு இன்னிக்கு இன்னாத்துக்கு மச்சான் மெசேஜ் போட்ட, ஹெல்மெட் கூட போடாம வந்துட்டேன் என்றான். உன் அம்மா சிரித்த சிரிப்பில் ஏகாம்பரம் மறுபடி விளக்கைப் போட்டுவிட்டார். ஸ்டாண்டை நிமிர்த்தித் திரும்பக் குறி பார்ப்பதற்குள் ஆவடிப் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது, விடியும்வரை விலகவில்லை. வந்தவர்களுக்கு உன் அம்மா தோசை சுட்டாள், ராஷித் மட்டும் பதினொன்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அளவையும் ஞாயிற்றுக்கிழமை அளவையும் கூட்டிப் பாதியாக்கி சனிக்கிழமைக் கட்டத்தில் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்று நேற்று கேட்டாய். போடாதே. பத்து ராத்திரியும் முழுதாக இருந்தால்தான் விடுமுறையில் மலை மேல் உள்ள பெரிய தொலைநோக்கிக்குக் கூட்டிப்போவார்கள் என்பது எனக்குத் தெரியும், அது கைநழுவினால் நீ எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பாய் என்பதும் தெரியும். அப்படிப் போனால் தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. நான் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த புதிதில், ஒரு நாள் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்று நாலு வால்வை அளக்காமலே முந்தின வால்வின் அளவை எழுதினேன். அதில் ஒன்று ஒழுகித் திரும்பி வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்று வரை மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் அந்த ஒரே எண் நாலு தரம் வரிசையாக ஞாபகம் வருகிறது. உனக்கு அந்தத் தொல்லை வேண்டாம். அளந்தால் எழுது, அளக்காவிட்டால் காலியாக விடு. சனிக்கிழமை எடுத்த ஒரே படத்தையும் அனுப்பியிருக்கிறேன், நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்திருக்கும், அதை அப்படியே உன் சாரிடம் காட்டு.

அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும் மேகமில்லாத வானத்தையும் தரட்டும். மிச்சம் இருக்கும் ராத்திரிகளுக்கு ராஷித் தானே வந்து மாடிப்படியில் காவல் உட்காருகிறானாம், மேலே யாரையும் விடமாட்டானாம். வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணு. மறக்காமல் ஒன்று செய். சனிக்கிழமைக்கு எதிரே காரணம் கேட்பார்கள், அங்கே நாசூக்காக மேகம் என்று எழுதிவிடாதே, மேகம் பிறகுதான் வந்தது. தாய்மாமன் கட்டிப்பிடித்தார் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அத்தா
ஜமீர்