பார்க்காதவரை நஷ்டமில்லை

மல்லாபூர், ஹைதராபாத்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி திருநாவுக்கரசுக்கு,

அண்ணி கனகவல்லி எழுதுவது. உங்கள் அண்ணன் இரண்டு வேளை நடக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றவற்றைப் போனில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும் என்பதால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்றபின் அவர் அமீர்பேட்டில் பங்குச் சந்தை வகுப்பில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாரமே ஆசிரியருக்கு இவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பங்கும் எலக்ட்ரானும் ஒரே சாதியாம். ஏறத் தெம்பில்லாத எலக்ட்ரான் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுமாம், விலையும் அப்படித்தானாம். எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால், எங்கே போகிறது என்று தெரியாதாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சந்தையும் மறுக்கவில்லை. ஆசிரியருக்கு இருபத்தாறு வயது. லைட் தீஸ்கோ அங்கிள், கவலை வேண்டாம், விலை விழுந்தால் தானாக விற்றுவிடும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள் என்றாராம். அதுவும் ஒருவகைப் பார்வைதான் என்று இவர் மறுத்துவிட்டார்.

ஏனென்றால், பார்க்காதவரை பங்கு லாபமாகவும் நஷ்டமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. பார்த்த கணத்தில்தான் ஏதோ ஒன்றாகிறது. ஆகவே வைகாசியில், பெயர் கேள்விப்படாத நான்கு கம்பெனிகளில் ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டவர், தை பிறக்கும்வரை கணக்கைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தார். வணிகப் பக்கத்தை உருவிவிட்டுத்தான் நான் பேப்பரைக் கொடுக்க வேண்டும். செய்தியில் சென்செக்ஸ் என்றால் காதைப் பொத்திக்கொள்கிறார். கனகம், நீ பார்த்துக் கெடுத்துவிடாதே என்கிறார்.

நானும் கேட்கவில்லை. ராணுவ ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார் என்று முப்பத்து நான்கு வருடம் கேட்காமல் குடும்பம் நடத்தியவள். எங்கள் குடியிருப்பில் அதற்குப் பெயர் நல்ல மனைவி.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் கைப்பேசியை விடமாட்டார்கள். அதனால் எல்லா வங்கிக் கணக்குக்கும் என் எண்ணையே கொடுத்து வந்தார். பழக்கத்தில் இதற்கும் அதையே கொடுத்துவிட்டார். மாதாமாதம் செய்தி எனக்கு வருகிறது. மூன்று மாதம் திறக்கவில்லை. நான்காம் மாதம் திறந்தேன். நாற்பத்திரண்டு லட்சத்தில் ஒன்பது லட்சம் இருக்கிறது. அவர் கொள்கைப்படி, நஷ்டத்தை உண்டாக்கியது நான்.

பத்தொன்பது நாளாக யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டு வந்தபின் இரண்டு வருடம் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, தம்பி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே இருந்தார். இப்போதுதான் பேசுகிறார், சிரிக்கிறார். அதை எப்படிப் பிடுங்குவது?

நேற்றுச் சாப்பிடும்போது, திருச்சி வீட்டில் தன் பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்ததாகவும், திங்கட்கிழமை பணம் வருவதாகவும் சொன்னார். அதையும் அதே நான்கு கம்பெனிகளில் போடப்போகிறாராம். எங்களுக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

பணத்தை அனுப்பாதீர்கள். போனில் மறுக்கவும் வேண்டாம். காசோலையை நேரில் தருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி வாருங்கள். நான் விவரம் சொல்லும்போது நீங்கள் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு நாளாவது தங்கும்படி துணி எடுத்து வாருங்கள்.

எங்களுடையது ஏழாவது மாடி. பால்கனிக் கதவுக்கு இன்று பூட்டு வாங்கிப் போட்டேன். கேட்டார், புறாத் தொல்லை என்றேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள், தம்பி.

உங்கள் அண்ணி
கனகவல்லி