இரண்டாவது கொலுசு

மானிப்பாய்,
12.08.2025

அன்புள்ள தம்பி பஞ்சலிங்கம்,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இருக்கிற ஆத்திரத்தில் அதை முதலில் எழுதினால் பொய்யாகிவிடும். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நான் வாய் திறந்ததும், "வேலையிலை நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய்.

என் பிள்ளை நிரோஜாவுக்குக் கனடாவில் இருக்கிற செந்தூரனைக் கலியாணம் பேசிக்கொண்டு வந்தவன் நீ. பெடியன் நல்லவன் என்றாய், நம்பினோம். பிறகு அவனுடைய தாய் சிவகௌரி, சாதாரணப் படத்தில் எல்லாரும் வடிவுதான், சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாய். போனில் விரலை வைத்து இழுத்தால் ஆள் முன்னும் பின்னும் திரும்புமாம். பொம்பிளை பார்க்க வந்தவர்கள் முந்தி ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிட்டுப் பார்த்தார்கள். இப்போது அங்கே கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு என் பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். அன்றைக்கே நான் ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நிரோஜாதான் என்னை மறித்தாள். "பாக்கட்டுமன் அம்மா. ஒளிக்கிறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு?" என்றாள். முழங்கால் தெரிகிற பாவாடையை அவளே தேடி எடுத்து உடுத்தாள். ஸ்ரூடியோக்காரர் வந்து அவளை ஹோலுக்கு நடுவில் நிறுத்தினார். ஆடாதே, கையை விலத்திப் பிடி, மூச்சை மெல்ல விடு என்று சொல்லிச் சொல்லி, போனைப் பிடித்தபடி அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சரிவரவில்லை என்று மறுபடியும் நடந்தார். பொய்க்காலில் இருபது நிமிடம் அசையாமல் நிற்பது என்னவென்று உனக்குத் தெரியுமா? கழற்றிப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. அடுத்த நாள் ஸ்கூட்டியில் ஏற முடியாமல் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். அவள் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கணக்குப் பாடம் இல்லை.

ஆனாலும் படம் உள்ளது உள்ளபடி வந்திருந்தது. தோல்வார், நிறம் வேறான வலக்கால், இடக்காலில் அவள் போடுகிற ஒற்றைக் கொலுசு, எல்லாம் தெரிந்தன. உனக்கு அனுப்பிவிட்டு, கால் விஷயம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "ஓம் அக்கா, எல்லாம் சொல்லிப்போட்டன். அவைக்கு ஒரு பிரச்சினையுமில்லை" என்றாய்.

நேற்று சிவகௌரி அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, "பிள்ளை நல்ல வடிவா நிக்கிறா" என்று எழுதியிருந்தா. திறந்து விரலால் இழுத்தேன். வலக்கால் தோலும் சதையுமாக, ஐந்து விரலோடு திரும்பியது. கணுக்காலில் கொலுசு! யாரையோ பிடித்து இடக்காலைப் பிரதி எடுத்து வலக்காலாக ஒட்டுவித்திருக்கிறாய். சைக்கிள் கம்பி கிழித்த தழும்பும் இரண்டு காலிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. வெட்கமாக இல்லையா உனக்கு? அந்த இரண்டாவது கொலுசு பதினாலு வருடமாக என் அலுமாரியில் கிடக்கிறது. என்னைக் கேட்காமல் அதை அவளுக்குப் பூட்டிவிட நீ யார்?

அத்தான் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர், சாப்பிடவும் வரவில்லை. நிரோஜா முதலில் சிரித்தாள். பிறகு போனை வாங்கிக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வடிவாத்தான் நிக்கிறாள். ஆனா உவளுக்கு நடக்கத் தெரியாதம்மா, சுத்த மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். எட்டு மாதம் கம்பியைப் பிடித்து, விழுந்து எழும்பி நடக்கப் பழகினவள் அவள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

செந்தூரன் ஐப்பசியில் வருகிறானாம். எங்கள் வாசல் படலைக்குள் வந்ததும் அவள் நடந்து வருவதைப் பார்ப்பான். காலைப் பார்த்து வேண்டாம் என்றால் அது அவன் விருப்பம், என் பிள்ளை தாங்குவாள். ஏமாற்றினார்கள் என்று வேண்டாம் என்றால் அந்தப் பழியை அவள்தான் சுமக்க வேண்டும். உண்மையான படத்தை நானே அவனுக்கு இந்த நிமிடம் அனுப்பலாம். ஆனால் பொய்யை அனுப்பினவன் நீ. நீயே அனுப்பு, நீயே வாய் திறந்து சொல்லு. புரட்டாசி முடியும்வரை பொறுப்பேன், அதற்கு மேல் பொறுக்க மாட்டேன்.

இன்னொன்று, இத்தனை வருடமாக எழுதாதது. ஆமி உன் காணியை விடுவித்த கிழமை, எப்படிக் கிடக்கிறதென்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டாய். அத்தான் பத்து வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் கிணறும் படத்தில் விழ வேண்டும் என்று அவள் முன்னுக்கு ஓடினாள். அங்கே மிதிவெடி கிடந்தது யாருக்குத் தெரியும்? உன்னில் ஒரு நாளும் நான் குற்றம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நீதான் அன்றிலிருந்து ஊர்ப்பக்கம் வரவில்லை. வீடியோவில் அவளோடு கதைத்தாலும் முகத்தை மட்டும் காட்டு என்கிறாய். அந்தக் காலை நீ ஒட்டுவித்தது செந்தூரனுக்காக இல்லை என்பது எனக்கு விளங்காமல் இல்லை, தம்பி.

உனக்குப் பிறஷர் எப்படி? குளிசையைத் தவறவிடாதே. மச்சாளையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு. மருதடிப் பிள்ளையார் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

செந்தூரன் வருகிறபோது நீயும் வா. அவளை நிறுத்திவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டாம். அவளுக்குப் பக்கத்தில் படலைவரை ஒருதரம் நடந்து வா, அது போதும்.

உன் அக்கா,
மகாதேவி