கறுப்பாகத் தெரிந்த இடம்

8 ஜனவரி 2024, திங்கள்

நாளை ஸ்கேன். ஆபரேஷனுக்குப் பிறகு இது மூன்றாவது. மலக்குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். அந்த மூன்றில் கடைசி மாதம் பயத்திலேயே போய்விடும், எனக்கு அது மாதமே இல்லை.

லீவு கேட்டேன். "போய்ட்டு வாங்க, ஸ்டோர்ல என்ன அவசரம்" என்றார் மேனேஜர். பத்தொன்பது வருஷம் குழாய் வெல்டிங்கின் எக்ஸ்ரே படம் பார்த்துத் தேறும், தேறாது என்று சொன்னவனை ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டோரில் நட்டு போல்ட் எண்ண வைத்தவரும் அவர்தான். என் அறையில் இப்போது வரதன். நான் தொழில் பழக்கியவன். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மறக்க மாட்டேன்.

9 ஜனவரி

ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, போன் கூடாது. பிறகு அந்த வளையத்துக்குள் தள்ளினார்கள். படம் மட்டும் கையில் கொடுத்தார்கள். ரிப்போர்ட் நாளை மாலை.

ரயில் மீஞ்சூர் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை. கவரைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் படத்தில் நல்ல வெல்டிங் வெளுப்பாக விழும். உள்ளே ஓட்டை இருந்தால் கறுப்பாக விழும். இதில் இடுப்புக்குக் கீழே, வெட்டிய இடத்திலேயே, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பு. சுத்தமான விளிம்பு. தேறாது என்று ஒரு நொடியில் தள்ளிவிடக்கூடிய படம்.

எதிரே இருந்தவர் எட்டிப் பார்த்தார். கவரில் செருகிவிட்டேன்.

12 ஜனவரி

ரிப்போர்ட் வாங்கவில்லை. வீட்டில் சாராளிடம் இன்னும் ரெடியாகவில்லை என்றேன். இன்று டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். பொங்கல் முடிந்து வரச் சொன்னார்கள் என்றேன். தெரிந்ததை இன்னொருவன் வாயால் வேறு கேட்க வேண்டுமா?

13 ஜனவரி

படம் பீரோவின் மேல் இருக்கிறது. அந்த அறையில் படுக்க முடியவில்லை.

17 ஜனவரி, காணும் பொங்கல்

வரதன் வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இன்னாண்ணா, படம் வந்துட்ச்சாமே. பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"நீயேவா? நம்ம படம் வேறண்ணா, இது வேற. டாக்டராண்ட குடு."

"எனக்குப் படம் பார்க்கத் தெரியாதுங்கிறியா?"

"அய்ய, தெரியாதுன்னு யாரு சொன்னது? நான் எட்த்த படம் முப்பத ஒரே நாள்ல தள்ளுன ஆளு நீ. ஆனா ஒண்ணு, வெல்டிங் தப்பா இருந்தா தேச்சிட்டு திரும்ப வெல்டு அடிச்சிரலாம். இத இன்னா பண்ணுவ?"

சாராள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியையும் எடுத்துக்கொண்டு எனக்குப் பாடமும் சொல்கிறான். அவன் சொன்னதற்காகவே இன்னும் ஒரு வாரம் போகக் கூடாது என்று தோன்றியது. அற்பத்தனம்தான். தெரிகிறது.

24 ஜனவரி

மாட்டிக்கொண்டேன். ஸ்கேன் சென்டரிலிருந்து சாராளுக்குப் போன்.

"ரிப்போர்ட் ரெடியாகி ரெண்டு வாரம் ஆவுதாம். நீ என்னாண்ட ஆவலன்னு சொல்லிக்கினே இருக்க. நான் டெய்லி ஜெபம் பண்ணிக்கினு கெடக்கறேன், நல்ல ரிப்போர்ட் வரணும்னு. வந்ததையே மறைச்சி வெச்சிக்கினு இருக்கியே, நீ இன்னா மனுசன்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இதுவரை என்னை நீ என்றதில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

25 ஜனவரி

சாராளே போய் ரிப்போர்ட்டை வாங்கி, என்னை டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். நான் முந்திக்கொண்டு கறுப்பைக் காட்டினேன்.

"இது உங்க மூத்திரப்பை சார். போட்ட ஊசி மருந்து அங்கதான் போய்ச் சேரும். எல்லாருக்கும் கறுப்பாத்தான் இருக்கும். வெட்டின இடம் சுத்தமா இருக்கு."

சாராள் என் முழங்கையைப் பிடித்தாள். பதினாறு நாள் மூத்திரப்பையைப் பார்த்தா செத்துக்கொண்டிருந்தேன்? சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் விரல் மேலே போனது.

"இங்கதான். கல்லீரல்ல ரெண்டு புள்ளி."

நான் அங்கே பார்க்கவே இல்லை.

முன்னாலேயே வந்திருந்தால்? கேட்டேன். "அதை விடுங்க, திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

11 ஏப்ரல்

ஆறு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. நேற்று மறுபடி ஸ்கேன். ரெண்டு ஐந்தாகியிருக்கிறது. இந்த முறை படத்தை நான் பிரிக்கவில்லை. பிரித்திருந்தாலும் ஐந்துதான்.

9 ஜூலை, செவ்வாய்

பழைய கணக்குப்படி இன்று ஸ்கேன் நாள். வெறும் வயிற்றோடு விடியற்காலை ரயிலில் போயிருக்க வேண்டும். போன வாரம் டாக்டர், "இனிமே ஸ்கேன் வேண்டாம். வலி வந்தா மட்டும் சொல்லுங்க, மாத்திரையைக் கூட்டிக்கலாம்" என்றார். சாராள் அடுத்த தேதி கேட்டாள். தேதி கிடையாதும்மா என்றார்.

ஏழரை மணிக்கு இட்லி வைத்தாள். இரண்டு சாப்பிட்டேன். இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன்.