கேட்டு வாங்கிய வேர்

இன்று காலை யன்னலைத் திறந்ததும் ஈரப்பலாவின் பச்சைப் பால் மணத்தது. என் அடுக்களையில் காய் எதுவும் இருக்கவில்லை. மதிலுக்கு அப்பால், உமது வளவில், மரத்தை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நீர் கண்மூடிய பிறகு உமது மகன் வீட்டை விற்றுவிட்டார். அங்கே தொடர்மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. இதை நீர் பார்க்காமல் போனது நல்லதுதான்.

அந்த மரம் வந்த கதையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். கொட்டாஞ்சேனையில் கடைக்கு மேல் மாடியில் வளர்ந்த உமக்கு, மண் பற்றிய அறிவு பூச்சட்டியோடு முடிந்தது. வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் நல்ல ஈரப்பலாப் பழமொன்றைக் குழிதோண்டிப் புதைத்து, மேலே சிலுவை அடையாளமும் போட்டு, முளைக்குமென்று காத்திருந்தீர். எறும்புதான் வந்தது. இதற்கு விதை இல்லை, வேரிலிருந்துதான் கன்று வரும் என்று மதிலுக்கு இப்பால் நின்று சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கொச்சிக்கடையில் முன்பின் அறியாத ஒருவரின் வளவுக்குள் போய் வேர் கேட்டு வாங்கிவந்தீர். பெருவிரல் தடிப்பு, ஒரு சாண் நீளம். பாலைக் கழுவி, மணலும் தென்னந்தும்பும் கலந்த சட்டியில் சாய்த்து வைத்து, நிழலில் ஈரம் காயாமல் பார்த்தீர். தளிர்விட்ட அன்று உமது குரல் காலிவீதிவரை கேட்டிருக்கும்.

மதிலை ஒட்டி நடவேண்டாம், அதன் வேர் மேலாக ஓடும், மதில் வெடிக்கும் என்றேன். நீர் பொருட்படுத்தவில்லை. மதில் வெடித்தது. இரண்டு வளவுக்கும் நிழலும் விழுந்தது. விரித்த கை போன்ற இலைகள் வருடம் முழுவதும் பச்சையாக நின்றன. காய்ந்த இலை ஒன்று விழுந்தால் யாரோ நடந்து வருவதுபோல் கேட்கும்.

காய்களில் பாதி என் பக்கம் தொங்கும். நான் தொடமாட்டேன். பிறர் பொருளைக் கண்ணாலும் கேட்கக்கூடாது என்று கொன்வென்டில் கன்னியாஸ்திரிகள் நமக்குச் சொல்லித்தந்தார்கள். அதே வகுப்பில்தான் நீரும் இருந்தீர். உமக்கு அது ஒட்டவில்லை.

“ஒருக்கா கேட்டா வாய் தேய்ஞ்சு போயிடுமே, மகாராணி?” என்பீர்.

“பழுத்து விழுந்தா நிலந்தான் நாறும்” என்பேன். நான் கேட்பதென்றால் அவ்வளவுதான்.

பிறகு நீரே காய் பறிக்கும் கொக்கத்தடியோடு தெருவைச் சுற்றி வந்து, என் கேற்றைத் திறந்து, என் முற்றத்தில் நின்று காய் ஆய்ந்து, என் கையிலேயே தருவீர். என் கணவர் இறந்தபின் நான் யாரோடும் கதைக்காமல் இருந்த மாதங்களிலும் அந்தத் தடியின் சத்தம் நிற்கவில்லை.

மதியத்துக்குள் அடிமரம் மட்டும் மிஞ்சியது. அத்திவாரத்துக்காக வேரையும் கிளப்பப்போகிறார்கள் என்று தெரிந்தது. வேர் போனால் மரம் அடியோடு போனதுதான். எனக்காகக் கேட்க நீர் இல்லை. சேலை மாற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றிப்போய், உமது கேற்றடியில் நின்றேன்.

மேற்பார்வையாளர் சிங்களவர், நல்ல மரியாதைக்காரர். சத்தத்தைப் பற்றி முறையிட வந்தேனென்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மதிலோரத்து வேரில் ஒரு துண்டு எனக்கு வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். நிலத்தைப் பார்த்துச் சொன்னதால் அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். இம்முறை அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

சீமெந்துப் பைத் தாளில் இரண்டு துண்டுகளைச் சுற்றித் தந்தார். இது காய்க்க எத்தனை வருடம் செல்லும் அம்மே என்று கேட்டவர், என் நரையைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இப்போது அவை உமது முறைப்படியே சட்டியில், நிழலில் இருக்கின்றன. முளைத்தால் மதிலை ஒட்டித்தான் நடுவேன். தொடர்மாடிக்கு வருகிறவர்களில் என்னைப்போல் கேட்கத் தெரியாத ஒருத்தி இருக்கக்கூடும். அவளுக்கு ஆய்ந்து கொடுக்க, நீர் கடைசியாக வந்தபோது விட்டுப்போன கொக்கத்தடி என் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.