கயிற்றின் மேலிருந்து குதித்தவளின் முட்டி

அக்கா,

இன்று மதியம் உங்கள் பழைய வீடியோ டேப் பிளேயரை என் அறை டிவியில் மாட்டினேன். அது சூடேறியதும் தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. உங்கள் வீட்டு ஹால் அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கக் கை வரவில்லை.

போன வாரம் உங்கள் மகள்தான் டேப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். "ஆன்ட்டி, வீட்ட விக்கிறோம். எல்லாத்தையும் டொனேட் பண்ணிட்டேன், இத மட்டும் முடியல. இதப் பாத்துட்டு அம்மாவும் நீங்களும் எதுக்கு அப்படிக் கத்துவீங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல" என்றாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? நாமக்கல் பக்கம் எருமை மேய்த்த நானும், நாகர்கோவில் நர்ஸம்மா நீங்களும், அமெரிக்காவில் இந்தக் காப்பெல் ஊரில் உட்கார்ந்து ஜப்பான் பெண்களின் மல்யுத்தத்துக்கு மார்க் போட்டோம் என்றால் யாருக்குத்தான் புரியும்?

முதல் நாள் நான் வீட்டில் ஆட்டி விற்கிற தோசை மாவைக் கொடுக்க வந்தேன். கொண்டுவந்து விட்ட என் மகன் காருக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டான். ஆகஸ்ட் வெயில். இந்த ஊர் வெயிலைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம், வாசலில் வைத்த மாவு பத்து நிமிடத்தில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். அதனால் உள்ளே கூப்பிட்டீர்கள். டிவியில் இரண்டு பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பதறிப்போனேன்.

"ஐயோ, யாராச்சும் வெலக்கி உடுங்க!"

நீங்கள் சிரித்த சிரிப்பு! "இரி பிள்ள. இது சண்ட இல்ல, அவளுக பாக்குத வேல. யாரு ஜெயிக்கணும்னு மொதல்லயே பேசி வச்சிருப்பாவ."

"அப்பறம் எதுக்குங்க பாக்கறீங்க?"

"ஜெயிக்கதுதான் பேசி வச்சது. அவ்வளவு ஒயரத்துலருந்து விழுகத பேசி வைக்க முடியுமா? தரை கேக்குமா?"

உங்களோடு வார்டில் வேலை பார்த்த ஜப்பான்காரி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன டேப்புகள் அவை. அவற்றில் பேசுகிற ஒரு வார்த்தையும் நம் இருவருக்கும் புரியாது. ஆனாலும் ஆறு வருடம் செவ்வாய்க்கிழமை மதியம் என்றால் எனக்கு உங்கள் வீடுதான். பத்துக்கு மார்க். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அது மார்க். ஒரு சட்டம் மட்டும் நீங்கள் வைத்திருந்தீர்கள்: "அடிபட்ட எடத்த அவ மறக்கப்பிடாது. கை ஒடிஞ்சவ அடுத்த நிமிஷமே அந்தக் கையால ஆளத் தூக்குனா, அது பொய்யி."

அந்தச் சட்டத்தால்தான் அந்த ஒரு சாம்பியன் பெல்ட் சண்டைக்கு நம்மால் கடைசிவரை மார்க் போட முடியவில்லை.

பெல்ட் வைத்திருந்தவள் நெட்டை, சிவப்பு உடுப்பு. எதிர்த்து வந்தவள் குட்டை, முடியை ஒட்ட வெட்டியவள். ஆரம்பத்திலேயே நெட்டைக்காரி குட்டைக்காரியின் இடது முட்டியை மேடை மூலை இரும்புக் கம்பத்தில் ஓங்கி அடித்துவிட்டாள். அதிலிருந்து அந்தப் பெண் காலை இழுத்து இழுத்தே சண்டை போடுவாள். நிற்கும்போதும் வலது காலில்தான் பாரம். கடைசியில் மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் உச்சியில் ஏறி, இரண்டு காலையும் உதைத்து நெட்டைக்காரி மேல் ஒரு குதி குதிப்பாள் பாருங்கள்! அப்புறம் நெட்டைக்காரி எப்படியோ எழுந்து அவளைச் சுருட்டி அமுக்க, நடுவர் மூன்று எண்ணிவிடுவார். பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"முட்டிய மறந்துட்டாளுங்க்கா. ஆறுக்கு மேல போட முடியாது."

"மறக்கல. ஒம்பது."

"நொண்டிக் காலுல அப்படிக் குதிக்க முடியுமுங்களா?"

"ஒன்னு வேணும்னு வெறி வந்தா வலி ஒரு ஓரமா தள்ளி நிக்கும், கேட்டியா. வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். நீ மாவாட்டுதவ, உனக்கு என்ன தெரியும்?"

"மாவாட்டறவளுக்குத்தாங்க முட்டி வலி தெரியும்!"

எத்தனை முறை போட்டாலும் இதே சண்டைதான்.

பிறகு, ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹாலிலேயே கட்டில் போட்டார்கள். அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, "அந்த டேப்பப் போடு பிள்ள" என்றீர்கள். அவள் குதித்தாள். வழக்கம்போல என் பக்கம் திரும்பினீர்கள். "இப்ப சொல்லு. மறந்தாளா?"

உங்கள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது.

"இல்லீங்க்கா. நீங்க சொன்னதுதான் செரி. ஒம்பதே போட்டுக்கலாம்."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். "பாவம் பாத்து மார்க்கு போடுகியா?"

"நெசமாத்தானுங்க்கா…"

"பொய் சொல்லாத. வாறவ எல்லாரும் இந்தக் கட்டிலுப் பக்கத்துல நின்னு சரி சரின்னு தலையாட்டிட்டுப் போறாவ. நீ ஒருத்தியாவது சண்ட போடுவேன்னு இருந்தேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அடுத்த செவ்வாய் வருவதற்குள் போய்விட்டீர்கள். சர்ச்சில் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். நான் அந்தப் பொய்யைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு ஒரு வழியாகப் பொத்தானை அமுக்கினேன். அவள் குதித்தாள். என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. அங்கே துவைத்த துணிக் கூடைதான் இருந்தது. சண்டை போட ஆள் இல்லாமல் மறுபடியும் டிவியைப் பார்த்தேன்.

அதனால்தான் பார்த்தேன் அக்கா. குதித்து விழுந்தவள் நெட்டைக்காரி பக்கமே போகவில்லை. இடது முட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகத்தைத் தரையில் வைத்து உருண்டாள். ஒரு பத்து நொடி இருக்கும். உடனே போய் அமுக்கியிருந்தால் பெல்ட் அவளுடையது. போக முடியவில்லை. அதற்குள் மற்றவள் எழுந்துவிட்டாள். திருப்பித் திருப்பி நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். அவள் எதையும் மறக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி, தள்ளி நின்ற வலி திரும்பி வந்துவிட்டது.

அவள் குதித்ததுமே நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிடுவோம். டிவி பக்கம் திரும்பும்போது நடுவர் மூன்று எண்ணிக்கொண்டிருப்பார். ஆறு வருடமாக அந்தப் பத்து நொடியை நான் பார்த்ததே இல்லை.

ஒன்பதுதான் அக்கா. இது பாவம் பார்த்துப் போட்டதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், அதுவும் தெரியும்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நான் மாவுச் சட்டியோடு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலிருந்தே இந்த டேப்பை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். திரும்பிக் கத்த அப்போது உங்களுக்கு யாரும் இல்லை. நர்ஸின் கண் வேறு. அந்தப் பத்து நொடியைப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? "அதுக்கு அப்புறம் நடக்கதப் பாரு பிள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே தோற்றிருப்பேன், நம் சண்டையும் முடிந்திருக்கும். ஆறு வருடம் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.

நீங்கள் ஆறு வருடம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்ட சண்டையை, அன்றைக்கு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சொன்னதுதான் செரி" என்று நான் முடித்துவிட்டேன்.